இருக்கும் ஊரும் சொந்த ஊரும்

சென்ற தவணையில் நம் வகுப்பு மாணவரை ‘எனது ஊர்’ என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை எழுதி வருமாறு பணித்திருந்தோம். வந்த கட்டுரைகளிற் பெரும்பாலானவற்றில் பனைமரங்கள் நின்றன, துலாக்கிணறுகள் இருந்தன, கோயில் திருவிழாக்கள் நடந்தன. எழுதியவர்களோ வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பிறந்து வளர்ந்தவர்கள். சாவகச்சேரியைப்பற்றி அழகாக எழுதியிருந்த ஒருவரை அழைத்து, “நீர் அங்கே போயிருக்கிறீரா?” என வினவினோம்.

“சின்ன வயசில ஒருக்கா அப்பாவோட போனனான், சேர்” என்றார்.

அவர் குடியிருக்கும் ஒழுங்கைக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று கேட்டோம். விழித்தார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மற்றொரு மாணவர் வெறுந்தாளையே தந்திருந்தார். காரணம் கேட்டபோது தலைகுனிந்து, “எங்களுக்கு ஊருன்னு ஒண்ணும் இல்ல சேர். கொட்டாஞ்சேனைதான்” என்றார். அவருடைய பாட்டனார் காலந்தொட்டு மூன்று தலைமுறையாக அக்குடும்பம் அங்கேயே வாழ்கின்றது! மூன்று தலைமுறை வாழ்ந்த இடம் ஊரன்று என்னும் எண்ணம் இப்பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது?

மாணவரைக் குறைகூற நாம் யார்? இருபது ஆண்டுகளாக வெள்ளவத்தையிற் குடியிருக்கும் நாமும், ‘நிரந்தர முகவரி’ என்று கண்ட பத்திரங்களிலெல்லாம் வடக்கிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரையே எழுதி வந்திருக்கிறோம். ஆகவே, மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுவதும் கொழும்பின் வடபாலும் தென்பாலும் நடந்து வருவதென முடிவு செய்தோம். அன்று கண்டவற்றை இவ்வாரம் வாசகர்க்குக் கூறுவோம். பிள்ளைகளோடு அவ்வழியே சென்றுவர விரும்பும் பெற்றோர்க்கும் இது பயன்படக் கூடும்.

காலையிற் புறக்கோட்டையை அடுத்த மேட்டிலிருந்து புறப்பட்டோம். ‘கோட்டைக்குப் புறத்தே உள்ளது’ என்பதைப் புறக்கோட்டை என்னும் பெயரே சொல்லிவிடுகிறது. மேட்டின்மேல் நிற்பது வொல்வெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த கோயில் இது. சிலுவை வடிவில் அமைந்தது. சுவர்கள் மிகத் தடித்தவை. தரையிற் பதித்த கல்லறைக் கற்களிற் சில, 1813ஆம் ஆண்டிற் கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து கொணரப்பட்டவை. ‘வொல்வெண்டால்’ என்னும் ஒல்லாந்தச் சொல்லுக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். இலங்கையில் ஓநாய் ஏது? போர்த்துக்கேயர் காலத்தில் அங்கிருந்த குவாதலூப்பே மாதா கோயிலின் பெயரில், ‘லூப்பே’ என்னும் ஓசையை ஓநாயென்று ஒல்லாந்தர் பிறழ உணர்ந்தனர் என்பர். பெயர் பிழையாயினும் மூன்று நூற்றாண்டாகியும் மறையவில்லை.

மேட்டிலிருந்து இறங்கினாற் செட்டியார் தெரு. பொற்கடைகள் நிறைந்த இத்தெருவில் நகரத்தார் அமைத்த கதிரேசன் கோயில்கள் உள்ளன. ஆடிவேல் விழாவின்போது வேலேறிய தேர் இங்கிருந்தே பம்பலப்பிட்டி நோக்கிப் புறப்படும். நகரின் வடபாலையும் தென்பாலையும் ஆண்டுதோறும் ஒரு தேர் இணைத்துவைப்பது எண்ணி மகிழத்தக்கது.

அங்கிருந்து கொட்டாஞ்சேனை மாணவரே எமக்கு வழிகாட்டியானார். கட்டுரைத்தாளில் ஒரு சொல்லும் எழுதாதவர், வீதிக்கு வீதி நின்று பேசத் தொடங்கினார். ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலைக் காட்டினார். கொச்சிக்கடையிற் பொன்னம்பலவாணேசர் ஆலயத்துட் கூட்டிச் சென்றார். 1857ஆம் ஆண்டிற் பொன்னம்பல முதலியார் எழுப்பிய இவ்வாலயத்தை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டு தொடங்கிக் கருங்கல்லாற் புதுப்பித்தார். வெளியே துறைமுகத்துப் பாரவண்டிகளின் இரைச்சல். உள்ளே கல்லின் குளிர்ச்சியும் எண்ணெய் விளக்கின் ஒளியும். தென்னாட்டுப் பெருங்கோயில் ஒன்றினுள் நிற்பதுபோன்ற உணர்வு எம்மை ஆட்கொண்டது.

“இந்தத் துறைமுகத்திலதான் எங்க பாட்டன் வேலை செஞ்சார்” என்றார் மாணவர். சரித்திரத்தில் அப்பாட்டனாருக்கும் இடமுண்டு என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னோம். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. பத்தாண்டுகளின் பின் அவ்வேலை நிறைவெய்தியது. அதன்பின்னரே பெருங்கப்பல்கள் அச்சமின்றித் தங்கும் துறையாகக் கொழும்பு உயர்ந்தது. கப்பற் சரக்கை ஏற்றவும் இறக்கவும் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர். அவர்கள் சுமந்த மூட்டைகளின்மேலன்றோ இந்நகரின் செல்வம் எழுந்தது!

சிறிது தூரத்திற் புனித அந்தோனியார் திருத்தலம். கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த நாளிற் கொச்சியிலிருந்து வந்த குருவானவர் ஒருவர், வணிகர் வேடத்தில் மறைந்து வாழ்ந்து இதற்கு வித்திட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. செவ்வாய்க்கிழமைகளிற் கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் பௌத்தரும் இங்கு மெழுகுதிரி ஏற்றி நிற்பதைக் காணலாம். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, குண்டு வெடித்த கோயில்களுள் இதுவும் ஒன்று. வழிபட வந்தோர் பலர் உள்ளேயே மாண்டனர். நாம் மௌனமாகச் சில நிமிடம் நின்றோம். சைவ மாணவர் ஒருவர் தாமாகவே ஒரு மெழுகுதிரி வாங்கி ஏற்றினார், நாம் ஏவவில்லை.

கொட்டாஞ்சேனையின் உச்சியில் சாந்த லூசியா பேராலயம் உயர்ந்த தூண்களோடும் பெரிய குவிமாடத்தோடும் நிற்கின்றது. அதற்கு அண்மையிலேயே தீபதுத்தாராம விகாரை. இவ்விரண்டுக்குமிடையே ஒரு துயரக் கதை உண்டு. 1883ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆந் திகதி, அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறு, விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையிற் கலகம் மூண்டது. அதன்பின் பௌத்தர் கேணல் ஒல்கொட்டின் துணையோடு தம் உரிமைகளைச் சட்டவழியில் நாடினர். 1885ஆம் ஆண்டில் வெசாக் தினம் பொது விடுமுறையாயிற்று. அவ்வாண்டு வெசாக் நாளில், பௌத்தக் கொடி இத்தீபதுத்தாராமத்திலேயே மிகெட்டுவத்தை குணானந்த தேரரால் ஏற்றப்பட்டது. கலகம் நடந்த தெருவிலிருந்து ஒரு கொடியும் ஒரு விடுமுறையும் பிறந்தன என்பதை மாணவர் வியப்போடு கேட்டனர். இம்மேட்டுப்பகுதியிலேயே, சுவாமி விவேகானந்தர் கொழும்புக்கு வந்த 1897ஆம் ஆண்டுக்குப்பின், 1902இல் நிறுவப்பெற்ற விவேகானந்த சபையும் உளது.

ஒரு நடைத் தூரத்துக்குள் இத்தனை கோயில்கள்; இத்தனை மொழிகள். அவை சண்டையிட்டதும் உண்டு; சேர்ந்து வாழ்ந்தது அதனினும் மிகுதி. இதனை ஊரன்று என்பார், வேறெதனை ஊர் என்பார்?

நிற்க. நண்பகலிற் கோட்டைப் புகையிரத நிலையஞ் சென்று, தென்புறம் செல்லும் வண்டியில் ஏறினோம். வெள்ளவத்தைக்குப் பஸ்ஸிலும் போகலாம். ஆனாற் கடலை ஒட்டிச் செல்லும் புகையிரதப் பயணமே சிறந்தது. வலப்புறத்திற் கடலலை, இடப்புறத்தில் வரிசையாக வீடுகள்.

கொட்டாஞ்சேனையைப்போல வெள்ளவத்தை பழைமையுடையதன்று. சிங்களத்தில் ‘வெல்ல’ என்றால் மணல். ‘வத்த’ என்றால் தோட்டம். மணற்றோட்டம் என்பதே இப்பெயரின் பொருள். தமிழில் எழுதும்போது அது வெண்மையாகிவிட்டது! கடலோரப் புகையிரதப் பாதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைந்தபின் இங்கு வீடுகள் பெருகின. அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நூற்பு நெசவாலை பல்லாண்டு காலம் ஆயிரக்கணக்கானோர்க்குத் தொழிலளித்தது. ஆலை மறைந்துவிட்டது, அந்நிலத்தில் இன்று வானளாவும் தொடர்மாடிகள் நிற்கின்றன.

1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை நிறைவெய்தியது. யாழ்ப்பாணத்து இளைஞர் ஒரே நாளிற் கொழும்பு வந்து சேர வழி பிறந்தது. எழுதுவினைஞர், ஆசிரியர், வைத்தியர், வழக்கறிஞர் எனப் பலர் உத்தியோகத்துக்காக வந்து, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வீடெடுத்தனர். 1942ஆம் ஆண்டில் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இன்று வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் உள்ளது. அதன் நூலகத்திற் சிறிது நேரம் தங்கினோம். மாணவர் அங்கு சென்று படிக்கும் வழக்கத்தைக் கைக்கொள்வாராயின் பெரிதும் நன்மை அடைவர். இராமகிருஷ்ண வீதியிலுள்ள மிஷன் மண்டபத்தையும் மயூரபதி அம்மன் கோயிலையும் கண்டோம். முன்னர் ஹை ஸ்திரீட் என வழங்கிய வீதிக்கு இன்று டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை என்பது பெயர். அவர் இவ்வூரில் வாழ்ந்த புகழ்பெற்ற சிங்கள நாவலாசிரியர், 1957இல் மறைந்தவர். நாள்தோறும் அவ்வீதியால் நடக்கும் நம் மாணவருள் ஒருவரேனும் அவரை அறிந்திருக்கவில்லை.

இறுதியாக ஓர் ஒழுங்கைக்குச் சென்றோம். அதனை நாமும் அன்றே முதன்முறையாகத் தேடிச் சென்றோம். 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தமிழர் வீடுகளும் கடைகளும் கொழும்பெங்கும் எரியூட்டப்பட்டபோது நம் பெற்றோர் அங்கேதான் வாடகைக்கு இருந்தனர். நாம் கைக்குழந்தை. அயல்வீட்டுச் சிங்கள அம்மையார் ஒருவர் எம்மைத் தம் வீட்டின் பின்னறையில் இரண்டு இரவு மறைத்து வைத்திருந்தார். நாம் அழுதுவிடுவோமோ என்று அன்னையார் தம் கையால் எம் வாயைப் பொத்தியபடியே இருந்தாராம். வீடு எரிந்தது. பின்னர் அகதி முகாம். அதன்பின் காங்கேசன்துறைக்குக் கப்பல். அதனாலேயே அன்னையார் அவ்வொழுங்கையின் பெயரைக்கூட நெடுங்காலம் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

இரண்டு வீடுகளும் இன்று இல்லை. அவ்விடத்தில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கின்றது. வாயிற் காவலாளி யாரைத் தேடுகிறீர்கள் என்று சிங்களத்திற் கேட்டார். என்ன விடை சொல்வது? முன்பு இங்கே இருந்தோம் என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் தம் கதிரையை எடுத்து எமக்கு வைத்தார்.

தமிழர் கொழும்பைச் சொந்த ஊரென்று சொல்லத் தயங்குவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகள் அத்தயக்கத்தை நமக்குக் கற்பித்தன. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி, விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர், கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லையென்று கூறப்பட்டுப் பஸ் வண்டிகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கொழும்பில் இருப்பதற்கு நமக்குக் காரணம் வேண்டுமாம்! ஆனால் ஒன்று: பிறர் நம்மை வழிப்போக்கர் என்பது ஒருபுறமிருக்க, நாமே நம்மை வழிப்போக்கர் எனக் கருதி, பிள்ளைகளையும் அவ்வாறே வளர்ப்போமாயின் அவர்கள் எங்கே வேரூன்றுவர்? காணாத ஊருக்கு ஏங்கியும், கண்ட ஊரை அறியாமலும் இருப்பது இரட்டை இழப்பன்றோ?

மூதாதையர் ஊரை மறக்குமாறு நாம் கூறவில்லை. ஒருவருக்கு இரண்டு ஊர் இருத்தல் குற்றமன்று. அடுத்த வாரம் மழை இல்லையெனின், பெற்றோர் தம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தம் ஒழுங்கையின் இக்கோடியிலிருந்து அக்கோடி வரை நடந்து பார்ப்பாராக. பெயர்ப்பலகையைப் படிப்பாராக. அங்கு நெடுநாள் வாழ்ந்த முதியோரிடம், அவர் எம்மொழியினராயினும், பழைய கதை கேட்பாராக.

கொட்டாஞ்சேனை மாணவர் மறு திங்கட்கிழமை பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை கொணர்ந்து தந்தார். எழுத்துப்பிழைகள் பல, திருத்திக் கொடுத்தோம். தலைப்பில் மட்டும் பிழை இல்லை. ‘எனது ஊர் கொட்டாஞ்சேனை’ என்று எழுதியிருந்தார்.