நூறு பேர் இடத்தில் 131 பேர்... சிறையை நிரப்புவது யார்?

"வெளிநாட்டுக்காரங்களை எல்லாம் அவங்க ஊருக்கு அனுப்பிட்டாலே பாதி ஜெயில் காலியாகிடும்!"

குடியுரிமை, ஊடுருவல் என்று ஏதாவது செய்தி வந்தால், அதன் கீழே இப்படி ஒரு கமென்ட்டைப் பார்த்திருப்பீர்கள். உண்மையிலேயே பாதி காலியாகுமா? அரசாங்கத்தின் கணக்கையே இந்த வாரம் எடுத்துப் பார்த்துவிடுவோம்.

இந்தியச் சிறைகளைப் பற்றிய புள்ளிவிவரத்தை தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அறிக்கையாக வெளியிடுகிறது. 2022 டிசம்பர் 31 நிலவரம் இது: நாட்டில் உள்ள 1,330 சிறைகளில் மொத்த இடம் 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்கள் 5,73,220 பேர். அதாவது, நூறு பேர் படுக்க வேண்டிய இடத்தில் 131 பேர்.

இது நாடு முழுவதற்குமான சராசரி. டெல்லி, உத்தரப்பிரதேசம், உத்தரகாண்ட் போன்ற இடங்களில் இது 170-ஐயும் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் மொத்தமாகப் பார்த்தால் நூறுக்குள்தான் இருக்கிறது.

சரி, இந்த 131 பேரில் வெளிநாட்டவர் எத்தனை பேர்? ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். அவர்கள் அத்தனை பேரையும் இன்றே விமானம் ஏற்றிவிட்டாலும், 131 என்பது 130-க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். பாதி அல்ல, ஒரு மூலைகூடக் காலியாகாது.

கணக்கில் வராத கதவு

வெளிநாட்டவர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒருவர் விடுதலையான அன்றே சிறைக் கணக்கிலிருந்து அவர் பெயர் போய்விடும். ஆனால், வெளிநாட்டுக் குடிமகன் என்றால் அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அர்த்தமில்லை.

திருச்சி மத்திய சிறை வளாகத்தில் ஒரு சிறப்பு முகாம் இருக்கிறது. ஜாமீன் கிடைத்த, தண்டனை முடிந்த வெளிநாட்டவர்கள் அங்கே தங்கவைக்கப்படுகிறார்கள். அவர்களில் இலங்கைத் தமிழர்களும் உண்டு. பெயர் முகாம்தான். ஆனால், நினைத்த நேரத்தில் வெளியே போக முடியாது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆறு பேரை 2022 நவம்பர் 11-ம் தேதி உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இந்தியர்கள் வீட்டுக்குப் போனார்கள். இலங்கைக் குடிமக்களான நான்கு பேர் திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் சாந்தன். ஊர் திரும்புவதற்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோதே, 2024 பிப்ரவரி 28-ம் தேதி சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இறந்துபோனார். விடுதலைக்குப் பிறகான அந்த 15 மாதங்களும் அவருக்கு முகாமிலும் மருத்துவமனையிலுமே கழிந்தன.

அந்த வழக்கைப் பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கும். அது இருக்கட்டும். ஒருவர் தண்டனையை முடித்துவிட்டார் என்று நீதிமன்றமே சொன்ன பிறகும், குடியுரிமை ஒன்றின் காரணமாக அவர் அடைபட்டுக் கிடப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நம் அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு 'குடிமக்கள்' என்று பேசுகிறது. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தரும் 21-வது பிரிவோ 'எந்த நபரும்' என்றே சொல்கிறது. அதில் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

அப்படியென்றால் யார்தான் நிரப்புகிறார்கள்?

அதே அறிக்கையில் இன்னொரு வரி. 5,73,220 பேரில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நூற்றுக்கு 76 பேர். இவர்கள் குற்றம் செய்தார்களா இல்லையா என்று நீதிமன்றம் இன்னும் தீர்ப்பு சொல்லவில்லை. தண்டனை பெற்றவர்கள் 1,33,415 பேர் மட்டுமே.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தண்டனை பெற்றவர்களை மட்டும் உள்ளே வைத்தால், நூறு இடங்களில் 31 இடங்கள்தான் நிரம்பும். அவ்வளவுகூட வேண்டாம். விசாரணைக் கைதிகளில் மூன்றில் ஒருவருக்கு ஜாமீன் கிடைத்து வெளியே வந்தாலே, நாட்டின் மொத்தக் கணக்கில் நெரிசல் இருக்காது.

விசாரணை முடியாமலேயே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருப்பவர்கள் 11 ஆயிரத்துக்கும் அதிகம். விசாரணைக் கைதிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லது பத்தாம் வகுப்பைத் தொடாதவர்கள். வக்கீல் வைக்கக் காசில்லை. ஜாமீன் உத்தரவே வந்தாலும், கையெழுத்துப் போட சொத்து உள்ள ஜாமீன்தாரர் இல்லை. பலர் உள்ளேயே கிடப்பதற்குக் குற்றத்தின் கனத்தைவிட இந்த இல்லாமைதான் காரணமாகிவிடுகிறது.

இது இன்று நேற்றுப் பிரச்னை இல்லை. செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு உச்சபட்ச தண்டனை எவ்வளவோ, அதைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே பலர் பீகார் சிறைகளில் கிடந்தது 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் வெளியே வந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் அப்போதே சொல்லிவிட்டது.

வீட்டில் யாராவது உள்ளே இருந்தால்...

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

* இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான உச்சபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகக் கழித்திருந்தால் ஜாமீனில் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம்.

* மரண தண்டனை, ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இந்தச் சலுகை கிடையாது.

* காலம் நிறைந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. குடும்பம் அலைந்து மனுப் போடும் வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை.

* சட்டம் வருவதற்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ஜாமீன் கிடைத்தும் பணமில்லாமல் உள்ளே இருப்பவர்களுக்காக 2023-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்போதைய விதிமுறைப்படி விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை அரசே கட்டும். போதைப்பொருள் உள்ளிட்ட சில சட்டங்களின் கீழான வழக்குகளுக்கு இது கிடையாது.

இவை எதற்கும் எங்கே போவது என்று தெரியாவிட்டால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். போனில் கேட்பதென்றால் 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

கைதியின் பெயர், சிறையின் பெயர், வழக்கு எண், எந்தத் தேதியிலிருந்து உள்ளே இருக்கிறார்... இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிட்டதா என்று பார்க்க அந்தத் தேதிதான் முக்கியம்.