கல்லா, சீட்டா?

"காசு கொடுத்துப் பழைய கல்லை வாங்குறானே, இவனுக்கென்ன பைத்தியமா?" என்று கேட்காத நண்பன் இல்லை. நண்பர்களே, ஒரு நிமிஷம் கேளுங்கள்!

கோலார் தங்கவயலில் 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்தது. 2001 பிப்ரவரி 28-ல் வேலை நின்றது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இன்று தண்ணீர்தான் நிற்கிறது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்த ஆழத்திலிருந்து இனி ஒரு வெங்கச்சங்கல் வராது. அன்று எடுத்ததுதான் மிச்சம். அதனால்தான் சேகரிக்கிறோம்.

ஆனால் கல்லைவிடச் சீட்டு முக்கியம் என்பது என் கட்சி. எந்தச் சுரங்கம், எத்தனை அடி, எந்த வருஷம் என்று எழுதிய துண்டுச் சீட்டு அது. அது இல்லாட்டி கோலார் கல்லும் ரோட்டோரக் கல்லும் ஒண்ணுதான். நான் படித்த பள்ளியில் வெள்ளையடித்தபோது, அலமாரியிலிருந்த பழுப்பேறிய சீட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு, கற்களைக் கழுவி அடுக்கினார்கள். பளபளவென்றுதான் இருந்தன. எது எந்த ஊர்க் கல் என்று சொல்லத்தான் ஆளில்லை!

சீட்டிலும் ஒரு குறை உண்டு. கம்பெனி பெயர் இருக்கும்; வட ஆர்க்காட்டிலிருந்து போய் இருட்டில் பாறை உடைத்த தொழிலாளி பெயர் இருக்காது. அங்கே வேலை பார்த்த தாத்தாவோ மாமாவோ உங்கள் வீட்டில் இருந்தால், எந்த ஷாப்டில் இறங்கினார், அங்கே என்ன கல் கிடைத்தது என்று கேட்டு, அவர் பெயரோடு எழுதிவையுங்கள்.

கல் எத்தனை வருஷமும் கிடக்கும். சொல்லத் தெரிந்தவர்கள் அதுவரை இருப்பார்களா?