கல்லறை எழுத்து அழியலாமா?

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள். டேனிஷ் கோட்டையைப் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் புதிய எருசலேம் ஆலயத்துக்கு எத்தனை பேர் போகிறார்கள்?

அது 1718-ம் ஆண்டு திறக்கப்பட்ட லுத்தரன் ஆலயம். கட்டியவர் சீகன்பால்கு. ஜெர்மனிக்காரர். 1706-ல் இங்கே வந்தார், தமிழ் கற்றார். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஆலயம் திறந்த மறு ஆண்டே, 1719-ல், காலமானார். ஆலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

வெளியே வளாகத்திலும் பழைய கல்லறைகள் பல உண்டு. கல்லில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கிறார்கள். கடற்கரை ஊர் அல்லவா? உப்புக்காற்று கல்லையும் அரிக்கும். எழுத்து போனால், உறங்குகிறவர் யார் என்று யார் சொல்வது?

ஒவ்வொரு கல்லையும் இப்போதே படித்து எழுதி வைக்க வேண்டும். படமும் எடுக்க வேண்டும். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். தமிழ் எழுத்தை அச்சில் ஏற்றியவர் உறங்கும் இடத்தில் எழுத்து அழியலாமா?