நகராமல் நகரும் ஐந்து கட்டங்கள்

கான்வேயின் 'கேம் ஆஃப் லைஃப்' வீடியோ ஒன்றாவது யூடியூபில் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கறுப்புத் திரையில் புள்ளிகள் பிறக்கும், சாகும். பின்னணியில் மர்ம இசை. கடைசியில், "எளிய விதியிலிருந்து உயிர்!" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 'லைஃப்' என்ற அந்தப் பெயர்தான் நம்மை வாய்பிளந்து பார்க்கும் கூட்டமாகவே உட்கார வைத்துவிடுகிறது. உயிரை விடுங்கள், சிக்னலைப் பாருங்கள்.

விதி சின்னதுதான். ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டு கட்டங்கள். உயிருள்ள கட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று உயிருள்ள அயலவர் இருந்தால் அது தப்பும். வெற்றுக் கட்டத்துக்குச் சரியாக மூன்று பேர் இருந்தால் அதில் உயிர் வரும். மற்றதெல்லாம் வெறுமை.

இப்போது ஐந்து கட்டங்களை நிரப்புங்கள்: மேல் வரிசையில் நடுவில் ஒன்று, அடுத்த வரிசையில் வலது ஓரத்தில் ஒன்று, கீழ் வரிசையில் மூன்றும். இதுதான் கிளைடர். நான்கு தலைமுறைக்குப் பிறகு அதே உருவம், மூலைவிட்டமாக ஒரு கட்டம் தள்ளி நிற்கும். ஆனால் எந்தக் கட்டமும் இடம் மாறவில்லை! அணைவதும் எரிவதும் மட்டும்தான் நடந்தது. மைதானத்தில் எழும் மெக்சிகன் வேவ் மாதிரி: ஆட்கள் அதே இருக்கையில், அலை மட்டும் ஓடுகிறது.

1970-இல் எம்.ஐ.டி.யில் பில் காஸ்பர் குழு, 30 தலைமுறைக்கு ஒரு கிளைடரைத் துப்பும் 'துப்பாக்கி'யைக் கண்டுபிடித்தது. முடிவில்லாமல் வளரும் அமைப்பு உண்டா என்று கான்வே கேட்டிருந்த கேள்விக்கு 50 டாலர் பரிசு. அது அவர்களுக்குப் போனது. என்னைக் கேட்டால், பரிசைவிடப் பெரிய விஷயம் அந்த 30. நேரம் நிச்சயமானதும், கிளைடர் வந்தால் 1, வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால் 0. வராததும் செய்தியாகிவிடுகிறது. (ஐ.டி. வேலையில் என் பாதி நாள் இதில்தான் போகிறது: பதில் வரவில்லையா, அல்லது 'இல்லை' என்பதுதான் பதிலா?)

செங்குத்தாக வரும் இரண்டு கிளைடர்களைச் சரியான கணத்தில் மோதவிட்டால் இரண்டும் அழிந்துவிடும். துப்பாக்கியின் வரிசைக்குக் குறுக்கே உங்கள் செய்தியை அனுப்புங்கள். உங்கள் 1 வந்த இடத்தில் துப்பாக்கியின் கிளைடர் அழியும். 0 வந்த இடத்தில் தப்பிப் போகும். அதாவது, உங்களிடம் இப்போது ஒரு நாட் கேட் இருக்கிறது. இதிலிருந்து ஒரு முழுக் கணினி வரை போகலாம், போயும் இருக்கிறார்கள்.

கோலி என்ற இலவச மென்பொருளில் இதையெல்லாம் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் முதல் கிளைடரை மட்டும் கட்டம் போட்ட கொப்பியில், பென்சிலால், நான்கு தலைமுறைக்கு வரையுங்கள். பத்து நிமிடம் போதும், பக்கத்தில் ஒரு அழிரப்பரும் இருக்கட்டும்.