கணினிச் சொத்துக்கும் இருப்புக் கணக்கு வேண்டும்

ஆண்டு முடிவில் நம் சங்கங்களில் இருப்புச் சரிபார்ப்பு நடைபெறுகிறது. நூற் கட்டுகளை எண்ணுகிறோம், சேலைகளை எண்ணுகிறோம், உர மூட்டைகளையும் எண்ணுகிறோம். ஒரு மூட்டை குறைந்தாலும் பொறுப்பாளர் விடை கூறியாக வேண்டும். நல்ல வழக்கமே. ஆனால் ஜக்கார்டு தறிக்குரிய டிசைன்களும், அங்கத்தினரின் பங்குத் தொகை, கடன் விவரங்களும் இன்று கணினியில் குடியேறிவிட்டனவே. அவற்றை எண்ணிப் பார்ப்பவர் யார்?

துளையிட்ட அட்டை பரணில் கிடந்தால், எலி கடித்தாலும் கண்ணுக்குத் தெரியும். கணினிக் கோப்பு கெடுவது, தேவைப்படும் நாளன்றுதான் தெரியும்.

இங்கிலாந்தில் 1086-ஆம் ஆண்டு நிலங்களைக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே ஏட்டை இன்றும் படிக்கலாம். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டு நிறைவையொட்டி, பி.பி.சி. நிறுவனம் 1986-ல் நாட்டு மக்களின் வாழ்க்கை விவரங்களைத் திரட்டி லேசர் தட்டுகளில் பதித்தது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் அவற்றைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. அறிஞர்கள் பெரிதும் முயன்றே அவ்விவரங்களை மீட்டனர்.

தென் கொரியாவின் டேஜியோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பற்றியது. அரசு ஊழியரின் 858 டெராபைட் அளவுள்ள கோப்புகள் அழிந்தன. அளவு மிகப் பெரிதென்று வேறிடத்தில் நகல் வைக்காததே காரணம். செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க நாட்டுக்கே இந்நிலை என்றால், ஒரே கணினியை நம்பியிருக்கும் சங்கத்தின் நிலை என்ன?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க, ரூ.2,516 கோடி மதிப்புள்ள திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் நெசவாளர் சங்கத்தின் டிசைன்களை அத்திட்டம் காக்காது. அது நம் கடமை.

“சிறு சங்கத்துக்கு இச்செலவு எதற்கு?” என்பர் சிலர். கணினி இயக்குபவர் விலகும் நாளில் கடவுச்சொல்லும் அவருடன் போய்விட்டால், நன்கு விற்பனையாகும் சேலையை மீண்டும் நெய்ய இயலாது, தறி நிற்கும், கூலியும் நிற்கும். அந்த நட்டத்தின் முன் ஒரு வன்தட்டின் விலை எம்மாத்திரம்?

செய்ய வேண்டியவை நான்கே. எந்தக் கோப்பு எங்குள்ளது, யார் பொறுப்பு என்று பட்டியல் எழுதுக. கடவுச்சொற்களை முத்திரையிட்ட உறையில் சங்கப் பெட்டகத்தில் வைத்திடுக. மூன்று பிரதிகளை இருவகைச் சாதனங்களில் எடுத்து, ஒன்றை வேற்றூரில் காத்திடுக. ஆண்டுக்கொரு முறை அப்பிரதியிலிருந்து ஒரு டிசைனைத் திறந்து, தறியில் ஒரு முழம் நெய்து பார்த்திடுக. இவற்றுள் கடைசியானதே தலையாயது. திறந்து பாராத பிரதி, பிரதியே அன்று.

வரும் ஆண்டுப் பேரவையில் இருப்புப் பட்டியல் வாசிக்கப்படும்போது, “கணினியில் உள்ளவை எங்கே?” என்று அங்கத்தினர் கேட்க வேண்டும். சொத்து அவர்களுடையது, கேட்கும் உரிமையும் அவர்களுடையதே.