குப்பை போடாத புரோகிராம் வேண்டும்

கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது என்று சொன்னால், கடைக்காரர் சொல்லும் முதல் வைத்தியம் "ரேம் கூட்டுங்கள்" என்பதுதான். படப்பையில் இருப்பவர் தாம்பரம் வந்து, ரயிலேறி, ரிச்சி தெருவில் ரேம் வாங்கி வந்து போடுகிறார். ரேம் போதாமல் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இருக்கிற ரேமைக் குப்பையால் நிரப்பும் புரோகிராம்களும் உண்டு. திருத்த வேண்டியவர் புரோகிராமர். பணம் செலவழிப்பவர் நீங்கள். இது நியாயமில்லை என்பது என் கருத்து.

மெமரியில் என்ன குப்பை?

ஒரு பைலைத் திறந்தால், புரோகிராம் அதை டிஸ்க்கிலிருந்து படித்து ரேமில் வைக்கிறது. வேலை முடிந்த பின்னும் ரேமில் கிடக்கும் தேவையற்ற தகவலைத்தான் 'கார்பேஜ்', அதாவது குப்பை என்கிறோம். 1995ல் வெளிவந்த ஜாவா மொழியில், இதை அள்ளுவதற்கென்றே 'கார்பேஜ் கலெக்டர்' இருக்கிறது. அள்ள ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பலர் குப்பை போடுகிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை இலவசமாகக் கம்ப்யூட்டரில் தருகிறது. அதில் திருக்குறளும் உண்டு. 1330 குறள், அதாவது 2660 வரிகள். இதை வரி வரியாகப் படித்து, ஒரே 'ஸ்ட்ரிங்'கில் கூட்டல் குறி போட்டுச் சேர்க்கும்படி ஒருவர் ஜாவாவில் எழுதுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஜாவாவில் ஒரு ஸ்ட்ரிங் உருவான பிறகு அதை மாற்ற முடியாது. எனவே ஒரு வரி சேரும் போதெல்லாம், அதுவரை படித்த அத்தனையும் புதிய இடத்தில் மறுபடி எழுதப்படும். பழையது குப்பை. கணக்கு நோட்டில் ஒரு வரி சேர்க்க, நோட்டு முழுவதையும் புது நோட்டில் எழுதி, பழையதைத் தூக்கி எறிவது போல!

கூட்டிப் பாருங்கள். 1+2+3 என்று 2660 வரை கூட்டினால் 35 லட்சம் வரிகளுக்கு மேல் எழுத வேண்டியிருக்கிறது. வரிக்கு 30 குறியீடு, ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்று வைத்தால், கையில் மிஞ்சும் நூல் சுமார் 160 கிலோபைட். வழியில் போட்ட குப்பை 200 மெகாபைட்டுக்கு மேல்!

குடம் போதும்

தீர்வு புதிதல்ல. தெருக் குழாயில் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் பிடித்து வீட்டுக்கு ஓடுவோமா? குடத்தில் பிடிப்போம், மறுநாளும் அதே குடம்தான். டிஸ்க்கிலிருந்து மொத்தமாகப் படித்து வைக்கும் அந்தக் குடத்துக்கு 'பஃபர்' என்று பெயர். ஜாவாவில் 1997லிருந்தே 'பஃபர்டு ரீடர்' இருக்கிறது. வரிகளைச் சேர்க்க 2004ல் 'ஸ்ட்ரிங் பில்டர்' வந்தது. ஒவ்வொரு வரியையும் திரையில் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்றால், சேர்க்கவே வேண்டாம்.

தமிழுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. யூனிகோடில் 'தமிழ்' என்பது கண்ணுக்கு 3 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 5 குறியீடு. யூடிஎப்-8 பைலில் அது 15 பைட். ஆயிரத்து இருபத்து நான்கு பைட்டாக வெட்டி, துண்டு துண்டாக எழுத்தாக்கினால், ஓர் எழுத்து நடுவில் உடைந்து திரையில் கேள்விக்குறி வரலாம். 'ரீடர்' வகை வசதிகள் இதைப் பார்த்துக் கொள்ளும். மேலும் 2017ல் வந்த ஜாவா 9, ஆங்கில ஸ்ட்ரிங்குகளின் எழுத்துகளைப் பாதி இடத்தில் அடக்கியது. தமிழுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஆக, ஒரே தவறுக்குத் தமிழ் பைல் கூடுதல் விலை கொடுக்கிறது.

"ரேம் மலிவு, கலெக்டர் தானே அள்ளும், எதற்குக் கவலை?" என்று என் துறையினரே கேட்கிறார்கள். அள்ளுவதும் புராசஸருக்கு வேலைதான். அள்ளும் போது புரோகிராம் சற்று நின்று போகலாம். மென்பொருள் நிறுவனத்தின் பெரிய மெஷினில் அது தெரியாது. உங்கள் வீட்டுச் சிறிய கம்ப்யூட்டரில் தெரியும். இப்போது வரும் பல லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருப்பதால் கூட்டவும் முடியாது.

அடுத்த முறை ரேம் வாங்கக் கிளம்பும் முன், விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் எந்தப் புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று தெரியும். சின்ன பைலைத் திறந்ததும் ஒரு புரோகிராம் பல நூறு மெகாபைட் ஏறினால், அதை விற்றவரிடம் காரணம் கேளுங்கள். உங்கள் பிள்ளை புரோகிராமிங் படித்தால், "விடை சரியா?" என்பதோடு, "எத்தனை மெமரி எடுத்தது?" என்றும் கேளுங்கள். கல்லூரி லேபிலும் இந்தக் கேள்விக்கு மதிப்பெண் தர வேண்டும்.