டோக்வில்லுக்கு ஏன் இந்த வக்காலத்து?

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்களாம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் அலெக்ஸிஸ் டி டோக்வில், அல்ஜீரியாவைப் பிரான்ஸ் கைப்பற்றியதை ஆதரித்து எழுதியவற்றில் படிந்த கறையைப் போக்கச் சென்ற இதழின் கட்டுரையாளர் நம்பியிருப்பது இந்த ஒரே வாதத்தை. அது பொய். அதற்குச் சாட்சி டோக்வில்லேதான்.

1841இல் அல்ஜீரியா போய்த் திரும்பியபின் அவர் எழுதிய நீண்ட குறிப்பைப் படித்திருந்தால் கட்டுரையாளருக்கு இப்படி எழுத மனம் வந்திருக்காது. பயிரை எரிப்பதும், தானியக் குழிகளைக் காலிசெய்வதும், ஆயுதமில்லாத ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துச்செல்வதும் தவறு என்று பிரான்சில் பலர் சொல்லக் கேட்டதாகவும், அவர்கள் தம் மதிப்புக்குரியவர்கள் என்றும் அதில் எழுதுகிறார். எழுதிவிட்டு, அரபுகளோடு போரிட நினைக்கும் எவரும் தவிர்க்க முடியாத துயரமான தேவைகள் இவை என்று தீர்ப்பும் சொல்கிறார். மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் குரல் அவர் காதில் விழுந்தது. தெரிந்தே தள்ளினார். காலத்தின் மேல் பழிபோட இதில் என்ன இருக்கிறது?

1839இல் அவர் நுழைந்த அதே நாடாளுமன்றத்தில் அமேதே தெஜோபேர் என்ற உறுப்பினர் அல்ஜீரியக் குடியேற்றத்தையே விடாமல் எதிர்த்துவந்தார். 1845 ஜூனில், அல்ஜீரியாவின் தஹ்ரா குகைகளில் ஒளிந்திருந்த நூற்றுக்கணக்கானோரை, வாயிலில் தீ மூட்டிப் புகையாலேயே கொன்றது பிரெஞ்சுத் தளபதி பெலிசியேயின் படை. பாரிஸ் மேலவையிலேயே அதற்குக் கண்டனம் எழுந்தது.

அறியாமை என்றும் தப்பிக்க முடியாது. சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட சாக்டா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் 1831 குளிர்காலத்தில் மெம்பிஸ் அருகே மிசிசிப்பியைக் கடந்ததை நேரில் பார்த்தவர் அவர். ‘அமெரிக்காவில் ஜனநாயகம்’ நூலில் அதைச் சொல்லும் பக்கங்கள் இன்றும் நெஞ்சைக் கனக்கவைக்கும். நிலம் பறிபோனவர்களுக்கு என்ன நேரும் என்று அவ்வளவு தெளிவாக அறிந்த மனிதர், பத்தே ஆண்டில் இன்னொரு மக்களின் நிலத்தில் குடியேற்றத் திட்டம் வகுத்தார். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

அல்ஜீரியா பற்றி டோக்வில் நாடாளுமன்றத்துக்கு எழுதிய 1847 அறிக்கையைத் துருப்புச்சீட்டாக இறக்குகிறார் கட்டுரையாளர். முஸ்லிம் சமூகத்தை முன்னைவிட அதிகத் துன்பத்திலும் அறியாமையிலும் தள்ளிவிட்டோம் என்று டோக்வில் அதில் ஒப்புக்கொள்வது உண்மை. ஆனால், எல்லா நிலையிலும் தங்களைச் சக குடிமக்களாக, சமமானவர்களாக நடத்தப் பிரான்ஸ் கடமைப்பட்டிருப்பதாக அவர்கள் நம்பிவிடக் கூடாது என்று சொல்வதும் அதே அறிக்கைதான். இந்த வரி ஏன் கட்டுரையில் இல்லை? அடுத்த முறை வாதாட வரும்போது அதையும், 1841 குறிப்பின் அந்தப் பத்தியையும் முழுதாக எடுத்துப் போட்டுவிட்டு வாதாடட்டும்.